ஒரு நாட்டின் அணி எது? தென்னாபிரிக்க உதைபந்தாட்டம் வாவிக்கரைக்குத் தரும் பாடம்

(மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் நடைபெற்ற விளையாட்டுக் கழகங்களின் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அறுவடை முடிந்தபின் நடத்தவிருக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியைப் பற்றி முடிவு செய்வதற்காக நாம் இங்கே கூடியிருக்கின்றோம். போட்டியைத் தமிழ்க் கழகங்களுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்வதா, வாவியை அடுத்துள்ள முஸ்லிம் ஊர்களின் கழகங்களையும் அழைப்பதா என்பது கேள்வி. இரு பக்கத்தாரும் பேசினீர்கள். அழைத்தால் நம் சிறு கழகங்கள் நசுங்கிப்போகும் என்றார் ஒருவர். அழைக்காவிட்டால் நாம் யாரிடம் நியாயம் கேட்கும் தகுதி உடையவர்கள் என்றார் மற்றொருவர். இருவரும் வீண் வார்த்தை பேசவில்லை. ஆகையால் இவ்விரு அச்சங்களையும் ஒருங்கே சந்தித்த ஒரு நாட்டின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அது தென்னாபிரிக்க நாட்டு உதைபந்தாட்ட அணியின் வரலாறு. நம்மைப் போல் தமிழ் பேசிய மக்களின் வியர்வையும் கண்ணீரும் கலந்த வரலாறு.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் நேற்றால் துறைமுகத்தை, அதாவது இன்றைய டேர்பனை, அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். 1911ஆம் ஆண்டு வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அவர்களுட் பெரும்பகுதியினர் தமிழரும் தெலுங்கருமே. மலையகத்திலே தேயிலைக்கு உரமான நம் சகோதரர்களின் கதை எதுவோ, அதுவே கரும்புக்கு உரமான அவர்களின் கதையும். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் அந்நாட்டில் நிற்பதற்கு ஆண்டுக்கு மூன்று பவுண் தலைவரி கேட்டார்கள். அதை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் 1913இல் எழுந்த போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914இல் உயிர் நீத்த பதினாறு வயதுச் சிறுமி தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம்.

அந்த மக்கள் உழைத்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் பந்தை உதைத்தார்கள். 1903ஆம் ஆண்டிலேயே தென்னாபிரிக்க இந்தியர் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றிவிட்டது. சாம் சைனா என்னும் வணிகர் அளித்த கிண்ணத்துக்காக மாகாணங்கள் மோதின. காந்தியடிகளின் அறப்போராட்டத்தின் பெயரையே தாங்கிய கழகங்களும் யொகன்னஸ்பேர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் ஆடின. 1921, 1922ஆம் ஆண்டுகளில் அல்பர்ட் கிறிஸ்தோபர் தலைமையில் ஓர் அணி இந்தியாவுக்கே சென்று ஆடி மீண்டது.

வெள்ளையர் 1892இலேயே தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். ஆபிரிக்கருக்கு வேறு சங்கம். கலப்பினத்தவருக்கு வேறு சங்கம். இந்தியருக்கு வேறு சங்கம். தென்னாபிரிக்காவிலிருந்து கடல் கடந்து ஆடச் சென்ற முதல் உதைபந்தாட்ட அணி எது தெரியுமா? 1899இல் பிரித்தானியாவுக்குச் சென்று 49 ஆட்டங்கள் ஆடிய கறுப்பர்களின் அணி! ஆனால் ‘தென்னாபிரிக்கா’ என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளும் உரிமை மட்டும் வெள்ளையர் அணிக்கே இருந்தது. சிறுபான்மையினரான வெள்ளையரின் பதினொருவர் நாட்டின் அணியாம்! மற்றெல்லோரும் வேலிக்கு வெளியே நிற்கும் பார்வையாளராம்!

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். டேர்பன் இந்தியருக்குத் தம் கிண்ணம் இருந்தது. தம் மைதானம் இருந்தது. தம் வீரர்களும் இருந்தனர். “நமக்குரியதை நாம் வைத்துக்கொண்டு நம் வழியே போவோம், ஆபிரிக்கரோடு சேர்ந்து அரசின் கோபத்தை ஏன் தேடிக்கொள்ள வேண்டும்?” என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அப்படி எண்ணுவதற்குக் காரணமும் இருந்தது. 1949ஆம் ஆண்டு ஜனவரியில் டேர்பனில் ஆபிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே பெருங் கலகம் மூண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்தியரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. புண் ஆறாத காலம் அது.

ஆயினும், அக்கலகம் நடந்து மூன்று ஆண்டு கூட நிறையுமுன், 1951இல், ஆபிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூன்று பகுதியாரின் சங்கங்களும் ஒன்றுகூடித் தென்னாபிரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனத்தை அமைத்தன. எவரும் எவரையும் விழுங்கவில்லை. முதலில் ஒவ்வொரு சங்கமும் தன் அமைப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பொதுக் காரியத்துக்காகச் சேர்ந்தது. சேர்ந்து ஆடி, சேர்ந்து உண்டு, சேர்ந்து வழக்காடிப் பழகிய பின்னர், 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இனவாரியாக அணி பிரித்து ஆடும் வழக்கத்தையும் தாமாகவே கைவிட்டார்கள். நம்பிக்கை முதலில்; இணைப்பு பின்னர். இந்த வரிசையை மறவாதீர்கள்.

சம்மேளனம் உலகத்தின் கதவைத் தட்டியது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபாவோ 1952இல் வெள்ளையர் சங்கத்தையே நாட்டின் பிரதிநிதியாக ஏற்றிருந்தது. 1956இல் உள்நாட்டமைச்சர் டொங்கெஸ், வெள்ளையரும் வெள்ளையர் அல்லாதாரும் தனித்தனியே தான் விளையாட வேண்டும் என்று அரசின் கொள்கையை வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டு, 1957இல், எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாபிரிக்கா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பை நிறுவின. முதலாவது ஆபிரிக்கக் கிண்ணப் போட்டி கார்ட்டூம் நகரில் நடைபெறவிருந்தது. தென்னாபிரிக்கப் பிரதிநிதி, வெள்ளையர் மட்டும் கொண்ட அணியையோ கறுப்பர் மட்டும் கொண்ட அணியையோ அனுப்பலாம், கலந்த அணியை அனுப்ப இயலாது என்றார். ஏனைய மூன்று நாடுகளும் அதனை ஏற்கவில்லை. மூன்றே நாடுகளுடன் போட்டி நடந்தது. எகிப்து கிண்ணத்தை வென்றது. வறிய நாடுகள், புதிதாக விடுதலை பெற்ற நாடுகள், தம் முதற் போட்டியிலேயே ஓர் ஆட்டத்தை இழந்தாலும் மானத்தை இழக்க மாட்டோம் என்று நின்றன.

உள்நாட்டிலும் போராட்டம் வலுத்தது. இனபேதமற்ற விளையாட்டுக்காகத் தென்னாபிரிக்க விளையாட்டுச் சங்கம் என்னும் அமைப்பு உருவாகி, 1959 ஜனவரியில் டேர்பனில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. அதன் தலைவர் ஜி. கே. ரங்கசாமி. பெயரைக் கேட்டீர்களா? செயலாளர் கவிஞர் டெனிஸ் புரூட்டஸ். அதே ஆண்டில் பிரேசில் நாட்டுக் கழகம் ஒன்று கேப் டவுனில் வெள்ளையர் அணியோடு ஆட வந்தது. அக்கழகத்தின் கறுப்பு வீரர்களை ஆடவிடக் கூடாது என்ற நிபந்தனை எழுந்தபோது, பிரேசில் குடியரசுத் தலைவர் குபிச்செக் தலையிட, ஆட்டமே கைவிடப்பட்டது. நியாயத்தின் குரல் கடல் கடந்து கேட்கத் தொடங்கியது.

1961 செப்டம்பரில் பீபா வெள்ளையர் சங்கத்தை இடைநிறுத்தியது. ஆனால் பீபாவின் தலைவர் ஸ்ரான்லி ரவுஸ் 1963 ஜனவரியில் நேரிற் சென்று பார்த்துவிட்டு, தடையை நீக்கலாம் என்றார்; நீக்கவும் செய்தார்கள். அப்போது வெள்ளையர் சங்கம் வெளியிட்ட யோசனையைக் கேளுங்கள்: 1966 உலகக் கிண்ணத்துக்கு வெள்ளையர் அணி; 1970 உலகக் கிண்ணத்துக்குக் கறுப்பர் அணி! ஒரு போகம் உனக்கு, ஒரு போகம் எனக்கு என்று வயலை மாறி மாறிச் செய்வதுபோல, நாட்டையே மாறி மாறி உடுத்துக் களையும் சட்டையாக்கிவிட்டார்கள். ஆபிரிக்க, ஆசிய நாடுகள் விடவில்லை. 1964இல் தோக்கியோவில் கூடிய பீபா மகாநாடு மீண்டும் தடை விதித்தது.

தடை உலகமளவில் இருந்தது. தண்டனையோ உள்நாட்டில் இருந்தவர்கள் மேல் விழுந்தது. சம்மேளனத்தார் 1961இல் இனபேதமற்ற தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அரசு அதைச் சட்டத்தால் நேரே தடுக்கவில்லை, மைதானத்தைப் பறித்தது. 1963 ஏப்ரலில் யொகன்னஸ்பேர்க்கின் நேற்றால்ஸ்புரூயிற் இந்தியர் விளையாட்டரங்கில் ஆட்டம் நடக்கவிருந்த நாளில் வாயிற் கதவுகள் பூட்டப்பட்டன. மக்கள் என்ன செய்தார்கள்? வேலி ஏறிக் குதித்தார்கள். கோல் கம்பங்கள் இல்லை என்றதும் தாமே கம்பங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். ஆட்டம் நடந்தது! ஆயினும் ஒவ்வொரு வாரமும் வேலி ஏறிக் குதிக்க முடியுமா? மைதானமின்றி அந்த லீக் சில ஆண்டுகளில் மூச்சடங்கியது. டெனிஸ் புரூட்டஸ் 1963இல் தப்பியோட முயன்றபோது துப்பாக்கிச் சூடுபட்டு, பின்னர் ரொபன் தீவுச் சிறைக்குச் சென்றார்.

அந்த ரொபன் தீவிலும் பந்து உருண்டது என்பது வியப்பன்று. கைதிகள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, 1967இல் விளையாட அனுமதி பெற்றனர். 1969இல் மக்கானா உதைபந்தாட்டச் சங்கம் அமைத்தனர். கல்லுடைக்கும் கைதிகள் எழுத்திலே யாப்பு வகுத்து, பீபாவின் விதிகளின்படி லீக் நடத்தினார்கள். வேறு வேறு அரசியற் கட்சியினர் ஒரே சங்கத்தில் அமர்ந்து வாதாடப் பழகியது அங்கேதான். தனிப் பகுதியில் அடைக்கப்பட்டிருந்த நெல்சன் மண்டேலாவுக்கு மட்டும் அதில் ஆடும் அனுமதி இல்லை. 2007இல் பீபா அச்சங்கத்துக்குக் கௌரவ உறுப்புரிமை வழங்கியது.

1970ஆம் ஆண்டுகளில் அரசு தந்திரத்தை மாற்றியது. இனவாரியான அணிகளாக வந்தால் ஒருவரோடு ஒருவர் ஆடலாம், பணமும் தருவோம், மைதானமும் தருவோம் என்றது. சம்மேளனத்தின் நிலையோ கடினமானது. குடியிருப்புப் பிரிவுச் சட்டத்தால் ஆபிரிக்க வீரர்கள் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் இந்தியரும் கலப்பினத்தவருமே எஞ்சியிருந்தனர். ஆயினும் 1969 முதல் தம் தொழில்முறை லீக்கை டேர்பனின் கறீஸ் பவுண்டன் மைதானம் போன்ற இடங்களிலே விடாது நடத்தினர். 1973இல் தோன்றிய தென்னாபிரிக்க விளையாட்டு மன்றத்துக்கு முதல் தலைவரானவர், உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் நோர்மன் மிடில்ரன். நீதியற்ற சமுதாயத்தில் நீதியான விளையாட்டு நடக்க முடியாது என்பதே அம்மன்றத்தின் அடிப்படைக் கொள்கை. அதற்காக இரண்டு தலைமுறை வீரர்கள் உலக மேடையைக் காணாமலே காலணியைக் கழற்றினர். 1976இல் சொவெற்றோ மாணவர்கள் சுடப்பட்ட ஆண்டில், பீபா வெள்ளையர் சங்கத்தை முற்றாக வெளியேற்றியது.

பின்னர் காலம் கனிந்தது. 1990இல் மண்டேலா விடுதலையானார். 1991 மார்ச்சில் எல்லா இனத்தாரின் சங்கங்களும் இணைந்து ஒரே தேசியச் சங்கமாயின. 1992 ஜூலை 7ஆம் நாள் தென்னாபிரிக்காவின் உண்மையான அணி முதன்முதலாக மைதானத்தில் இறங்கியது. எதிரணி கமரூன். தண்ட உதையால் டொக்ரர் குமாலோ பெற்ற ஒரே கோலினால் வெற்றி. அந்த ஆட்டம் நடந்த நகரம் எது? டேர்பன்! 132 ஆண்டுகளுக்கு முன் துரூரோ கப்பல் நங்கூரமிட்ட அதே டேர்பன்!

உடனே வெற்றி மாலை விழுந்துவிடவில்லை. அடுத்த சில மாதங்களில் சிம்பாப்வேயிடம் நான்கு கோல், நைஜீரியாவிடம் நான்கு கோல் என்று வாங்கிக் கட்டிக்கொண்டனர். தனித்தனியே வளர்ந்தவர்கள் ஒருவர் ஓட்டத்தை ஒருவர் அறிய நாட்கள் வேண்டாமா? 1996இல் கென்யாவால் நடத்த இயலாதுபோன ஆபிரிக்கக் கிண்ணப் போட்டியைத் தென்னாபிரிக்கா ஏற்று நடத்தியது. அரையிறுதியில் கானாவை 3-0 என்றும், பெப்ரவரி 3ஆம் நாள் இறுதியாட்டத்தில் துனீசியாவை 2-0 என்றும் வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் மார்க் வில்லியம்ஸ். தலைவர் வெள்ளையரான நீல் ரோவி. முன்பு வெள்ளையர்க்குரியதாய் இருந்த பெயரை இப்போது எல்லா நிறத்தாரும் மார்பில் அணிந்திருந்தனர். 1998, 2002 உலகக் கிண்ணங்களில் ஆடி, 2010இல் ஆபிரிக்கக் கண்டத்தின் முதல் உலகக் கிண்ணத்தைத் தன் மண்ணிலே நடத்தி, 2025 அக்டோபரில் மீண்டும் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது அந்த அணி.

இத்துடன் நிறுத்தினால் கைதட்டுவீர்கள். ஆனால் முழு உண்மையையும் சொல்லாதவன் உங்களுக்கு நன்மை செய்பவன் ஆகான். இந்த ஒற்றுமைக்கு டேர்பன் இந்தியர் கொடுத்த விலை ஒன்று உண்டு. 1928இல் தொடங்கப்பெற்ற மனிங் ரேஞ்சர்ஸ் என்னும் இந்தியர் கழகம், புதிய தேசிய லீக்கின் முதலாவது பருவத்தில், 1996-97இல், நாட்டின் பெரிய கழகங்களையெல்லாம் பின்தள்ளி முதலிடம் பெற்றது. அத்தகைய கழகம் பத்தாண்டளவில் பணமுடையால் நொடிந்து உரிமம் கைமாறி மறைந்தது. தேசிய அணியிலும் இந்திய வம்சாவளி வீரர்கள் மிகச் சிலரே ஆடியிருக்கின்றனர். போராடிய காலத்தில் மைதானங்கள் நிறைந்திருந்தன. வென்ற காலத்தில் சில மைதானங்கள் வெறிச்சோடின.

அப்படியானால் அவர்கள் சேர்ந்தது தவறா? இல்லை. ஆயிரந் தடவை இல்லை! அவர்கள் தனிக் கிண்ணத்தோடு நின்றிருந்தால், இன்று அந்நாட்டின் வரலாற்றில் அவர்களுக்கு ஒரு மூலையும் இராது. குறை சேர்ந்ததில் இல்லை. பொதுவீட்டைக் கட்டியவர்கள் தம் சிறு வீட்டின் கூரையைப் பார்க்கத் தவறியதில் இருக்கின்றது. பெரிய லீக்குக்குப் பணம் வந்தது. சிறுவர் ஆடும் ஊர் மைதானத்துக்குப் பணம் வரவில்லை.

வேளாண்மை செய்வோருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. வட்டை முழுவதும் ஒன்றென்பதற்காக வரம்புகளை வெட்டி எறிவாரும் இல்லை. என் வரம்பு என்பதற்காக வாய்க்காலை அடைக்க விடுவாரும் இல்லை. வரம்பில்லாத வயலில் தண்ணீர் தங்காது. வாய்க்காலில்லாத வயலுக்குத் தண்ணீரே வராது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் இன்னாருடைய வயல் என்று கேட்டுப் பாய்வதில்லை. கூட்டாட்சி என்று நம் முன்னோர் 1949 முதல் மேடைதோறும் கேட்டது இந்த எளிய நியாயத்தையே. அதைக் கொழும்பிடம் கேட்கும் நாம், நம் அயலூருக்கு மறுக்கலாமா? பெரியவன் நம்மை விழுங்குகிறான் என்று கூறும் வாய், சிறியவனை வெளியே நில் என்று கூறலாமா?

1990ஆம் ஆண்டை நாம் யாரும் மறக்கவில்லை. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் சத்துருக்கொண்டானிலே குழந்தைகளும் பெண்களும் கொல்லப்பட்டார்கள். இரு பக்கத்திலும் வெற்றிடமான வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஓர் உதைபந்தாட்டப் போட்டி அந்தத் துயரை மாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. டேர்பனிலும் 1951இல் எவரும் 1949ஐ மறந்துவிடவில்லை. மறந்ததால் அவர்கள் சேரவில்லை, நினைவிருந்ததாலேயே சேர்ந்தார்கள்.

ஆகவே என் கருத்தைச் சுருங்கக் கூறுகின்றேன். முஸ்லிம் கழகங்களை விருந்தினராக அன்று, சம உரிமையுடைய பங்காளிகளாக அழைப்போம். அணிகளை இனவாரியாகப் பிரித்து மோதவிடும் ஆட்டம் எதனையும் வையாதிருப்போம். ஊருக்கு ஊர், கழகத்துக்குக் கழகம் என்று மட்டுமே ஆடுவோம். சிறு கழகமாயினும் பெரிய கழகமாயினும் கழகத்துக்கு ஒரு வாக்கு என்று எழுத்திலே யாப்பு வகுப்போம். ஆட்டங்களைப் பட்டினத்து வெபர் அரங்கிலேயே குவித்துவிடாமல் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் மாறி மாறி நடத்துவோம். நுழைவுக் கட்டணத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை, சிறு கிராமங்களின் மைதானங்களைத் திருத்துவதற்கென்று முதலிலேயே எடுத்து வைப்போம். மனிங் ரேஞ்சர்ஸ் கழகத்துக்கு நேர்ந்தது நம் கிராமத்துக் கழகங்களுக்கு நேராதிருக்க அதுவே காப்பு.

ஒரு நாட்டின் அணி எது என்று கேட்டால், நாட்டில் வாழும் எவனும் தன் பிள்ளை அதில் ஆடலாம் என்று நம்பக்கூடிய அணியே அந்நாட்டின் அணி. ஓர் ஊரின் அணிக்கும், ஒரு மாவட்டத்தின் அணிக்கும் இலக்கணம் இதுவே. தென்னாபிரிக்க மக்கள் அதை உணர்த்த நூறாண்டு பொறுத்தார்கள். நாம் அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இன்றைய மாலைப்பொழுது மட்டுமே. தீர்மானம் உங்கள் முன் இருக்கின்றது. கை உயர்த்துங்கள்.